வடிகட்டி அடையின் தடை: ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறைகள்

(மாணவர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் நிகழ்த்தப்பட்ட உரையின் வடிவம்)

கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவது பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் நீரைப் பற்றியே எண்ணுகின்றனர். நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அழுக்கு எங்கே போகின்றது என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டாகின்றது. அதனைச் சுத்திகரிக்க நிறுவப்பட்டிருந்த திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ ஏறத்தாழ 20,200 மில்லியன் லிட்டர். இந்த இடைவெளியை நிரப்பப் புதிய நிலையங்கள் எழும்பி வருகின்றன. நிலையங்கள் பெருகுந்தோறும் அவற்றின் அடியில் சேரும் கசடும் பெருகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்தக் கசடு பெரும்பாலும் நீரே. 100 கிலோகிராம் கசடில் 2 கிலோகிராம் மட்டுமே திடப்பொருள் இருப்பது சாதாரணம். அந்த 2 பங்கை 20 பங்காக உயர்த்தினால், 100 கனமீட்டர் கசடு ஏறத்தாழ 10 கனமீட்டராகச் சுருங்கிவிடும். பத்து லாரிகள் போக வேண்டிய இடத்தில் ஒரு லாரி போதும். நீரைப் பிழிந்தெடுக்கும் இந்தப் பணியில் தவறு நேர்ந்தால், நிலையத்தில் கசடு தேங்கும்; தேங்கிய கசடு நீரோடு கலந்து வெளியேறும்; தூய்மைப்படுத்தியதன் பயனே கெட்டுவிடும். ஆகவே, எந்தப் பொறியை வாங்குவது, எவ்வளவு பெரிதாக வாங்குவது, எந்த இரசாயனத்தை எவ்வளவு கலப்பது என்னும் முடிவுகள் நகராட்சியின் பணத்தையும் ஆற்றின் தூய்மையையும் ஒருங்கே தொடுகின்றன. இம்முடிவுகளுக்கு அடிப்படையாக இருப்பது ஆய்வுக்கூடத்தில் அரை லிட்டருக்கும் குறைவான கசடைக் கொண்டு அளக்கப்படும் ஓர் எண். அதுவே வடிகட்டி அடையின் தடை. அந்தத் தடை யாது, அதனை எவ்வாறு அளப்பது, அளந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

தடை என்பது யாது?

கசடைத் துணியின்மீது ஊற்றி அழுத்தம் கொடுத்தால், தொடக்கத்தில் துணியே வடிகட்டியாக வேலை செய்கின்றது. சிறிது நேரத்திற்குள் துணியின்மேல் திடப்பொருள் ஓர் அடையாகப் படிகின்றது. அதன்பின் வரும் நீர் முழுவதும் அந்த அடையின் நுண்துளைகள் வழியாகவே செல்ல வேண்டும். அதாவது, வடிகட்டும் வேலையைத் துணியினும் அடையே மிகுதியாகச் செய்கின்றது. அடை தடிக்கத் தடிக்க நீர் வடிவதும் மெலிகின்றது.

துளைகள் நிறைந்த ஒரு பொருளின் வழியே நீர் செல்லும் விதியை பிரான்சு நாட்டுப் பொறியாளர் டார்சி 1856ஆம் ஆண்டில் வெளியிட்டார். டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டத்தை ஒட்டி, மணற் படுகைகளைக் கொண்டு அவர் செய்த சோதனைகளே இதற்கு அடிப்படை. வளர்ந்துகொண்டே போகும் அடைக்கு இவ்விதியைப் பொருத்தும் பணியை அமெரிக்காவில் ரூத் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளும், 1938ஆம் ஆண்டில் கார்மன் எழுதிய கட்டுரையும் நிறைவேற்றின. 1956ஆம் ஆண்டில் கோக்லி, ஜோன்ஸ் ஆகிய இருவர் இம்முறையை நகரக் கழிவுநீர்க் கசடுக்குப் பயன்படுத்திக் காட்டினர். இன்றைய சோதனை முறைகள் பெரும்பாலும் இவர்கள் வகுத்த வழியிலேயே செல்கின்றன.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு கிலோகிராம் உலர் திடப்பொருள் அடையாகப் படிந்தால் நீரோட்டத்துக்கு எவ்வளவு தடை எழும் என்பதே 'தன்தடை' எனப்படுகின்றது. இதன் அலகு கிலோகிராமுக்கு மீட்டர். எளிதில் நீரைப் பிரியாத நகரக் கசடுக்கு இது 10இன் 13 அல்லது 14ஆம் அடுக்கு அளவில் இருக்கும். நன்கு பதப்படுத்திய கசடுக்கு 10இன் 11 அல்லது 12ஆம் அடுக்குக்கு இறங்கும். கசடுகளுக்கிடையே நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேறுபாடு இருப்பது இயல்பு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. வேறோர் ஊரின் கசடைக் கொண்டு தம் ஊருக்குப் பொறி வாங்குவது ஏன் தவறு என்பதும் இதனால் தெளிவாகும்.

புக்னர் புனல் சோதனை

ஜெர்மானிய வேதியியலார் எர்ன்ஸ்ட் புக்னர் 1888ஆம் ஆண்டில் விவரித்த பீங்கான் புனல், கல்லூரி ஆய்வுக்கூடங்களில் எல்லாம் காணக்கூடியதே. அதன் துளைத்தட்டின்மேல் வடிதாள் ஒன்றை வைத்து நனைத்து, கீழே அளவு குறித்த குழாய் ஒன்றைப் பொருத்தி, அதனை வெற்றிடப் பம்புடன் இணைக்க வேண்டும். வெற்றிடம் ஏறியிறங்காமல் இருக்கப் பம்புக்கும் குழாய்க்கும் இடையே பெரிய வெற்றுக்கலம் ஒன்றை வைப்பது நலம். 49 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 368 மில்லிமீட்டர் பாதரச உயரம், வழக்கமாகக் கையாளப்படும் அழுத்த வேறுபாடுகளுள் ஒன்று.

100 மில்லி லிட்டர் கசடை ஊற்றி, அடை படிவதற்குச் சிறிது நேரம் விட்டு, பின்னர் வெற்றிடத்தைத் திறந்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் எவ்வளவு நீர் வடிந்தது என்று குறித்துவர வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் நேரத்தை வடிநீரின் கன அளவால் வகுத்து, அந்த ஈவை நிலை அச்சிலும் கன அளவைக் கிடை அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டின் சாய்வு அடையின் தடையைக் காட்டுகின்றது. கோடு நிலை அச்சை வெட்டும் இடம் துணி அல்லது தாளின் தடையைக் காட்டுகின்றது. ஒரே சோதனையில் இரண்டு செய்திகள் கிடைப்பது இம்முறையின் சிறப்பு. ஆலையில் பல மாதம் உழைத்த துணியின் துண்டொன்றைத் தாளுக்குப் பதிலாக வைத்துப் பார்த்தால், துணியின் கண்கள் எவ்வளவு அடைபட்டுள்ளன என்பதையும் அறியலாம்.

சாய்வை 2ஆல் பெருக்கி, அதனை வடிபரப்பின் வர்க்கத்தாலும் அழுத்த வேறுபாட்டாலும் பெருக்கி, வடிநீரின் பாகுநிலை எண்ணாலும், ஒரு கனமீட்டர் வடிநீருக்கு அடையில் தங்கும் உலர் திடப்பொருளின் எடையாலும் வகுத்தால் தன்தடை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனல். 49 கிலோபாஸ்கல் அழுத்தம். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலை. கசடில் 4 விழுக்காடும் அடையில் 20 விழுக்காடும் திடப்பொருள் எனக் கொள்வோம். 100 கிலோகிராம் கசடில் 4 கிலோகிராம் திடப்பொருள். அது 20 கிலோகிராம் அடையாக நிற்க, 80 கிலோகிராம் நீர் வடியும். எனவே ஒரு கனமீட்டர் வடிநீருக்கு 50 கிலோகிராம் திடப்பொருள். பதப்படுத்தாத கசடில் 50 மில்லி லிட்டர் வடிவதற்கு 5,000 நொடி, அதாவது ஒரு மணி 23 நிமிடம் ஆயிற்று என்றால், தாளின் தடையை ஒதுக்கிப் பார்க்கத் தன்தடை ஏறத்தாழ 2 பெருக்கல் 10இன் 14ஆம் அடுக்கு. இரசாயனம் கலந்து பதப்படுத்தியபின் அதே 50 மில்லி லிட்டர் 20 நொடியில் வடிந்தால், தன்தடை 8 பெருக்கல் 10இன் 11ஆம் அடுக்கு. தடை 250இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. முதல் கசடைப் பில்டர் பிரஸில் ஏற்றினால் அது நாள் முழுவதும் அடைபட்டுக் கிடக்கும். இரண்டாவது கசடைக் கொண்டு ஒழுங்காகப் பணி நடத்தலாம்.

பிழை புகும் வாயில்கள்

எளிய சோதனையாயினும் பிழை புகுவதற்கு வாயில்கள் பல. முதலாவது வடிபரப்பு. கணக்கில் பரப்பின் வர்க்கம் வருவதால், விட்டம் நான்காம் அடுக்கில் செயற்படுகின்றது. தாளின் ஓரம் மடிந்தோ ஒட்டாமலோ உண்மையான விட்டம் 8.5 சென்டிமீட்டராக இருக்க, 9 என்று கணக்கிட்டால், விடை 25 விழுக்காட்டுக்கு மேல் பிழைபடும்.

இரண்டாவது வெப்பநிலை. குளிர்நாட்டு நூல்களில் உள்ள கணக்குகள் பெரும்பாலும் 20 பாகையை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வெப்பநிலையில் நீரின் பாகுநிலை எண் 1.0 மில்லிபாஸ்கல்-நொடி. 30 பாகையில் அது 0.8, 40 பாகையில் 0.65. வெப்பமானியைப் பாராமல் நூலில் உள்ள எண்ணை அப்படியே எடுத்தாண்டால், நம் நாட்டுக் கோடையில் விடை 20 முதல் 35 விழுக்காடு வரை குறைத்துக் காட்டப்படும். இதன் மறுபக்கமும் உண்டு. 30 பாகையில் சோதித்துத் தேர்ந்த பொறி, வட இந்தியக் குளிர்காலத்தில் கசடின் வெப்பநிலை 15 பாகைக்கு இறங்கும்போது, அதே வேலைக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் நேரம் எடுக்கும். கசடு மாறியிருக்க வேண்டியதில்லை. நீர் தடித்திருப்பதே காரணம்.

மூன்றாவது கசடின் வயது. கசடு உயிருள்ள பொருள். புட்டியில் அடைத்து ஓரிரு நாள் வெப்பத்தில் வைத்திருந்தால் அது அழுகி, அதன் துகள்கள் சிதைந்து, தடை கூடும். வேகமாகக் கலக்கினாலும், பம்பின் வழியே பலமுறை செலுத்தினாலும் திரள்கள் உடைந்து இதே விளைவு ஏற்படும். ஆகவே மாதிரி எடுத்த இடமும் நேரமும், சோதித்த நேரமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். நான்காவது, கோட்டின் இரு முனைகள். தொடக்கப் புள்ளிகளில் அடை முழுமையாக அமைந்திராது. இறுதியில் அடை வெடித்துக் காற்று புகுந்துவிடும். இடைப்பட்ட நேரான பகுதியிலிருந்தே சாய்வைக் கணக்கிட வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டினால் பயன் உண்டா?

பொறி மெதுவாக வேலை செய்கின்றது என்றவுடன் எழும் முதல் யோசனை, இன்னும் வலிய பம்பை வாங்கலாம் என்பதே. இந்த யோசனை எல்லாக் கசடுக்கும் பொருந்தாது. அரைத்த மாவைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால் நீர் மெல்ல மெல்ல வடியும். அதையே கையால் முறுக்கிப் பிழிந்தால், முதலில் சிறிது நீர் வெளியேறிப் பின்னர் துணியை ஒட்டிய மாவு இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். மணல் அமுங்காது, கழிவுநீர்க் கசடு மிகவும் அமுங்கும். அமுங்கும் அடையில் அழுத்தத்தோடு தடையும் உயர்கின்றது.

இதனை அறிய, ஒரே கசடை மூன்று அல்லது நான்கு வெவ்வேறு அழுத்தங்களில் சோதிக்க வேண்டும். புனலின் வெற்றிடம் வளிமண்டல அழுத்தத்தை மீற முடியாதாகையால், உயர் அழுத்தங்களுக்கு அமுக்கிய காற்றால் இயங்கும் மூடிய உருளைக்கலம் பயன்படுகின்றது. தடையையும் அழுத்தத்தையும் மடக்கைத் தாளில் குறித்தால் கிடைக்கும் கோட்டின் சாய்வே அமுங்குமை எண். அது சுழியாக இருந்தால் அடை அமுங்காதது. அப்போது அழுத்தத்தை இரட்டித்தால் நீரோட்டமும் இரட்டிக்கும். எண் 0.5 ஆனால் 41 விழுக்காடு மட்டுமே கூடும். 0.9 ஆனால் 7 விழுக்காடு மட்டுமே. 1 ஆகிவிட்டால் எவ்வளவு பெரிய பம்பை வைத்தாலும் பயன் இல்லை. இத்தகைய கசடுக்குப் பம்பை மாற்றுவது வீண் செலவு; பதப்படுத்தும் முறையை மாற்றுவதே வழி.

அடையை ஓர் உருளையில் வைத்து, உந்துதண்டால் அமுக்கிக்கொண்டே அதன் வழியே நீரைச் செலுத்தி, ஒவ்வொரு அமுக்கத்திலும் தடையை நேராக அளக்கும் அமுக்க ஊடுருவு கலம் என்னும் கருவியை 1946ஆம் ஆண்டில் ரூத் விவரித்தார். நேரமும் பொறுமையும் வேண்டும் முறையாதலால், இது அன்றாடச் சோதனையினும் ஆராய்ச்சிக்கே ஏற்றது.

விரைவுச் சோதனை

நாள்தோறும் மாறும் கசடுக்கு நாள்தோறும் புனல் சோதனை செய்வது எளிதன்று. இக்குறையைப் போக்க இங்கிலாந்தில் கேல், பாஸ்கர்வில் ஆகியோர் 1960களின் பிற்பகுதியில் நுண்புழை உறிஞ்சு நேரம் என்னும் முறையை உருவாக்கினர். தடித்த உறிஞ்சுதாளின்மேல் சிறு உலோகக் குழல் ஒன்றை நிறுத்திக் கசடை ஊற்றினால், தாள் நீரை உறிஞ்சி வட்டமாக ஈரம் பரவும். ஈரத்தின் விளிம்பு குறிப்பிட்ட தொலைவைக் கடக்க எடுக்கும் நேரத்தை மின்தொடுமுனைகள் தாமே பதிவு செய்கின்றன. பம்பு வேண்டாம், கணக்கும் வேண்டாம். வெறும் நீருக்குச் சில நொடிகளும், பதப்படுத்தாத கசடுக்குச் சில நூறு நொடிகளும் ஆகலாம்.

இரசாயன அளவை வகுப்பதற்கு இச்சோதனை மிக உகந்தது. பாலிமரைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதித்தால், நேரம் முதலில் வேகமாகக் குறைந்து, ஓரளவில் நின்று, அதன்பின் மீண்டும் கூடத் தொடங்கும். மிகுதியான பாலிமர் நீரைப் பிசுபிசுப்பாக்குவது இதற்கு ஒரு காரணம். வளைகோட்டின் தாழ்ந்த இடமே சிக்கனமான அளவு. அதற்கு மேல் கலக்கும் ஒவ்வொரு கிலோகிராமும் பணத்தைச் செலவழித்துக் கசடைக் கெடுப்பதாகும். ஆயினும் இந்த நேரம் கசடின் திடப்பொருள் அளவையும், தாளின் வகையையும், குழலின் விட்டத்தையும் பொறுத்து மாறும். இவற்றைக் குறிப்பிடாமல் வெறும் நொடிகளை மட்டும் ஒப்பிடுவது பொருளற்றது. நுண்புழை உறிஞ்சு நேரம், தன்தடை, அமுங்குமை ஆகிய மூன்றுக்கும் ஐரோப்பியத் தர அமைப்பு 2006ஆம் ஆண்டில் தனித்தனிப் பகுதிகளாக விதிமுறைகளை வெளியிட்டதும் இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்கே.

சோதனையிலிருந்து பொறிக்கு

எந்தப் பொறியை வாங்கப் போகின்றோமோ அதன் இயக்கத்தை ஒத்த சோதனையே பொருத்தமானது. கரும்பாலைகளில் சாற்றுக் கழிவைப் பிரிக்கச் சுழலும் வெற்றிட உருளை பயன்படுகின்றது. அங்கு நுண்ணிய கரும்புச் சக்கைத் தூளைக் கலந்து அடையைத் துளையுள்ளதாக்குவர். தடையைக் குறைக்கும் எளிய உபாயம் அது. இவ்வகை உருளைக்கு வடிஇலைச் சோதனை ஏற்றது. துணி போர்த்திய சிறு தட்டைக் கலவைக்குள் முக்கி, குறித்த நேரம் அடை படியவிட்டு, வெளியே எடுத்துக் காற்றில் உலரவிட்டு, அடை துணியிலிருந்து தானாகக் கழன்று விழுகின்றதா என்று பார்ப்பர். உருளையின் ஒரு சுற்று அப்படியே ஆய்வுக்கூடத்தில் நிகழ்கின்றது.

பில்டர் பிரஸுக்கு அழுத்தக் கலச் சோதனையே தகும். அடை தடிக்கும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது இச்சோதனைகளிலிருந்து கிடைக்கும் பயனுள்ள பாடம். அறையின் தடிமனைப் பாதியாக்கினால், அடை நிரம்பும் நேரம் ஏறத்தாழ கால் பங்காகும். தடித்த அறையே சிக்கனம் என்று எண்ணி வாங்கிய பொறி, ஒரு சுற்றை முடிக்க நாள் முழுவதும் எடுத்துக்கொண்டால், அந்தச் சிக்கனத்தால் என்ன பயன்? மையவிலக்குப் பொறிக்கோ அடைத் தடை நேரடியான அளவுகோல் ஆகாது. அங்கு நீர் துணி வழியே வடிவதில்லை, துகள்களே ஒதுக்கப்படுகின்றன. அதற்குப் பதப்படுத்தும் அளவை அறிய நுண்புழைச் சோதனை துணை செய்யும். பொறியின் திறனை உறுதிசெய்ய நேரடி முன்னோட்டம் வேண்டும்.

ஒப்பந்தப் புள்ளிக்கு முன்

அதிகாரிகள் கருத்திற்கொள்ள வேண்டியவை சில. ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே அவ்வூர்க் கசடைச் சோதிக்க வேண்டும். புதிய நிலையமாகையால் கசடு இன்னும் உண்டாகவில்லை எனில், அதே முறையில் இயங்கும், ஒத்த கழிவுநீரைப் பெறும் நிலையத்தின் கசடைச் சோதிக்கலாம். மழைக்காலத்தில் மண் கலந்து வரும் கசடும், கோடையில் வரும் கசடும் ஒன்றல்ல. எனவே ஒரு நாள் மாதிரியைக் கொண்டு முடிவு செய்யாமல், பருவந்தோறும் மாதிரி எடுக்க வேண்டும். அறிக்கையில் தன்தடை எண்ணோடு, அழுத்தம், வெப்பநிலை, வடிபரப்பு, கசடின் திடப்பொருள், கலந்த இரசாயனமும் அதன் அளவும், மாதிரியின் வயது, அமுங்குமை எண் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிட இயலாது. ஒவ்வொரு சோதனையும் குறைந்தது மூன்று முறை செய்யப்பட்டிருப்பது நன்று.

மாணவர்களுக்கும் இதில் ஒரு வாய்ப்பு உண்டு. புனல், பம்பு, நிறுத்தக் கடிகாரம், தராசு, உலர்த்தும் அடுப்பு ஆகியவை பொறியியற் கல்லூரிகளிலும் பல்தொழில்நுட்பப் பயிலகங்களிலும் ஏற்கெனவே உள்ளவை. அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் கசடை ஓராண்டுக் காலம் மாதந்தோறும் சோதித்துப் பதிவு செய்யும் ஒரு வகுப்பு, பாடத்தைக் கற்பதோடு அந்நிலையத்துக்கு வேண்டிய தரவையும் திரட்டித் தந்துவிடும். அந்தத் தரவு கையில் இருக்கும் நகராட்சி, விற்பவர் சொல்லும் எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இராது. தன் கசடுக்கு எது தேவை என்பதைத் தானே எழுதி, அதற்கேற்ற பொறியைக் கேட்டுப் பெறும் நிலையில் இருக்கும்.